உரிமையாளர் பொ. சொர்ணலதா

தாம் கையெழுத்திட்ட தாள் ஒன்றைச் சொர்ணலதா முதன்முதலாக முழுவதும் படித்தது, நீதிமன்றத்தின் வராந்தாவில் காத்திருந்தபோதுதான். அப்போது அவருக்கு வயது ஐம்பத்து நான்கு. படிக்கத் தெரியாதவர் அல்லர். நாகர்கோவிலில் வரலாறு பயின்று பட்டம் பெற்றவர். ஆண்டின் முதல் நாளில் ஆதியாகமத்தைத் தொடங்கி, கடைசி நாளுக்குள் வேதாகமம் முழுவதையும் படித்து முடிக்கும் வழக்கம் உடையவர். ஞாயிறு பள்ளியில் ஒரு பிள்ளை வசனத்தில் ஒரு சொல்லை விட்டுவிட்டாலும், முதலிலிருந்து மீண்டும் சொல்லவைப்பார். அத்தகையவர், தேனி மாவட்டத்தில் கேரள எல்லையை ஒட்டிய கூடலூருக்கு வாழ வந்த இருபத்தொன்பது ஆண்டுகளில், கணவர் நீட்டிய எந்தத் தாளையும் படித்ததில்லை.

தாள்கள் காலை உணவுக்குப் பின் வரும். பொன்னுராஜ் அவற்றை மூன்றாக மடித்து, கையெழுத்திட வேண்டிய பகுதி மட்டும் மேலே தெரியும்படி வைத்திருப்பார். அந்த இடத்தில் பென்சிலால் ஒரு சிறிய பெருக்கல் குறி இருக்கும். சொர்ணலதா ஈரக்கையைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு, குறியின்மேல் கையெழுத்திடுவார்.

“இது என்னதுங்க?” என்று தொடக்கத்தில் சில முறை கேட்டதுண்டு.

“ஒண்ணுமில்ல லதா. ஆபீஸ்ல கேக்குறாக. குறி போட்ட எடத்துல போடு.”

பிறகு கேட்பதை விட்டுவிட்டார்.

பொன்னுராஜ் கடைவீதியில் ஏலக்காயும் மிளகும் வாங்கி விற்றவர். குமுளிச் சாலையில் அவர்கள் குடியிருந்த வீடு, திருமணத்தின்போது சொர்ணலதாவின் தந்தை மகள் பெயரில் வாங்கிக் கொடுத்தது. அவ்வீட்டின் பின்கட்டில்தான் சுக்குக்காபிப் பொடித் தொழில் தொடங்கியது. சுக்கு, கொத்தமல்லி, மிளகு, ஏலக்காய் ஆகியவற்றின் அளவு சொர்ணலதாவினுடையது. வறுக்கும் பதமும் அவருடையதே. பெண்கள் நடத்தும் தொழிலுக்கு மானியத்துடன் கடன் கிடைக்கும் என்பதனால், தொழிலும் அவர் பெயரிலேயே பதிவாயிற்று. உரிமமும் வரிப்பதிவும் வங்கிக் கணக்கும், “உரிமையாளர் பொ. சொர்ணலதா” என்றே கூறின. “பேருக்குத்தான்” என்று பொன்னுராஜ் எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார். அப்பெயருக்கு உரியவரும் உடன் சிரிப்பார்.

பொடிக்கு “மலைத்துளி” என்று பெயர் வைத்தவர் பொன்னுராஜ். பச்சை மலை ஒன்று, அதன் உச்சியில் ஒரு வெண்ணிறத் துளி. சிவகாசியில் அச்சிட்டு, பெரிய சுருள்களாக வந்த அந்த உறைத்தாள் அழகாகவே இருந்தது. கோயம்புத்தூரிலுள்ள ஒரு தேயிலை நிறுவனம் அதே பெயரையும் அதே மலையையும் பல ஆண்டுகளுக்கு முன்பே வணிகச் சின்னமாகப் பதிவு செய்திருந்தது என்பதும், அவர்களுடைய பாக்கெட் ஒன்றைத்தான் பொன்னுராஜ் சிவகாசிக்கு மாதிரியாகக் கொண்டுபோனார் என்பதும், சொர்ணலதாவுக்கு ஏழு ஆண்டுகள் கழித்தே தெரியவந்தன. “இதே மாதிரி இருக்கணும், ஆனா இது மாதிரி தெரியக்கூடாது” என்று அவர் அங்கே சொன்னாராம்.

ஏழு ஆண்டுகளும் பொடி நன்றாக விற்றது. சபரிமலைக்குச் செல்லும் வண்டிகள் வீட்டின் முன்னாலேயே போயின. பிறகு அந்த நிறுவனமும் சுக்குக்காபி விற்கத் தொடங்கியது. தன் மலை இன்னொருவர் பாக்கெட்டில் நிற்பதைக் கண்டது. தேனி மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. ஆகஸ்ட் மாதத்தில் தடையாணை வந்தது. அந்தப் பெயரையோ படத்தையோ சொர்ணலதாவும் அவருடைய ஆட்களும் முகவர்களும் பயன்படுத்தக் கூடாது. எஞ்சியுள்ள உறைகள் யாவற்றையும் நீதிமன்றத்தில் ஒப்படைக்க வேண்டும். யாவற்றையும் ஒப்படைத்துவிட்டதாகவும், இனி ஓர் உறையும் தம்மிடம் இல்லை என்பதாகவும் சொர்ணலதா பெயரில் ஒரு பிரமாணப் பத்திரம் தாக்கல் ஆயிற்று. அதுவும் காலை உணவுக்குப் பின்தான் வந்தது. மூன்றாக மடித்து, குறியிட்டு.

சிவகாசியில் குறைந்த அளவில் அச்சிட மாட்டார்கள். அவ்வாண்டு வந்திருந்த சுருள்கள் ஒன்பது. நான்கு நீதிமன்றத்துக்குப் போயின. ஐந்து, மிளகு மூட்டைகளுக்குப் பின்னால் போயின.

நவம்பரில், கார்த்திகை பிறப்பதற்கு முன்பு, பொட்டலம் கட்டும் சுருளியம்மாள் இயந்திரத்தில் பச்சை மலைச் சுருளை மாட்டிக்கொண்டிருந்ததைச் சொர்ணலதா பார்த்தார். நேரே கணவரிடம் போனார்.

“ஏங்க, கோர்ட்டுல வேணாம்னு சொன்ன கவருல்ல இது?”

“வேணாம்னது இங்கன. இந்தச் சரக்குக் குமுளிக்குப் போகுது. செக்போஸ்ட்டத் தாண்டிட்டா வேற சர்க்காரு, வேற கோர்ட்டு. லாட்டரிச் சீட்ட இங்கன வித்தாப் புடிச்சு உள்ள போடுறாக. அங்கன நாலு எட்டு வச்சா, மைக்குல கூவிக் கூவி விக்குறாக. நீ பாத்ததில்லையா?”

“வக்கீல்கிட்டக் கேட்டீகளா?”

“கேக்காம இருப்பனா? அவருதான் சொன்னாரு.”

சரக்கு ஏற்ற வந்திருந்த ஜீப் ஓட்டுநர் சீனிச்சாமியும் தலையாட்டினார். “அண்ணாச்சி சொல்றது சரிதான்க்கா. அங்கிட்டுப் போயிட்டா நம்ம ஆளுக யாரும் கேக்கமாட்டாக.”

கூடலூரில் பிறந்து வளர்ந்த எவருக்கும் அது தவறான வாதமாகத் தோன்றியிருக்காது. மலையேறி ஏழெட்டு வளைவு கடந்தால், பெயர்ப்பலகையின் எழுத்து மாறும். பெட்ரோல் விலை மாறும். காவலரின் தொப்பி மாறும். இப்பக்கம் குற்றமாக இருந்த சீட்டு, அப்பக்கம் அரசாங்கமே அச்சிட்டு விற்கும் சீட்டாகிவிடும். சோதனைச் சாவடியில் எல்லாம் மாறுவதைக் கண்டு வளர்ந்தவர்கள், தேனியில் எழுதிய ஆணையும் அங்கேயே நின்றுவிடும் என்று எண்ணினார்கள். சொர்ணலதாவும் எண்ணினார். வழக்கறிஞரே சொன்னார் என்ற பின் ஐயப்பட அவருக்கு என்ன இருக்கிறது?

ஒவ்வொரு பாக்கெட்டிலும் பொதியிட்ட நாளை அச்சிடுவது மட்டும் அவருடைய வேலை. சரக்குப் புதிதாகத் தெரிய வேண்டும் என்று சிலர் நாளைத் தள்ளி இடுவதுண்டு. சொர்ணலதா அதற்கு ஒருபோதும் இசைந்ததில்லை. அன்றைக்கு என்ன நாளோ, அந்த நாளே அச்சாகும். அவ்வாறே, தடையாணைக்குப் பிந்தைய நாள்கள் பச்சை மலையின் அடிவாரத்தில் ஒன்றன்பின் ஒன்றாகத் தெளிவாக அச்சாயின.

தை மாதத்தில் அழைப்பாணை வந்தது. நிறுவனத்தின் ஆள் ஒருவர், குமுளிக் கடை ஒன்றில் மூன்று பாக்கெட்டுகளை இரசீதுடன் வாங்கியிருந்தார். தடையாணையை வேண்டுமென்றே மீறியதற்காகவும், பொய்யான பிரமாணப் பத்திரம் தந்ததற்காகவும் உரிமையாளரைச் சிறையிலிட வேண்டும் என்பது மனு. ஊரார் வாயில் அது, “கோர்ட்டை அவமதிச்ச கேஸ்” ஆயிற்று. யாரிடமும் உரக்கப் பேசியறியாத ஒரு பெண், நீதிமன்றத்தை அவமதித்தார் என்பதைக் கேட்டுக் கடைவீதியில் சிலர் சிரிக்கவும் செய்தனர்.

பெரியகுளத்தில் வழக்கறிஞரின் அறையில் கணவனும் மனைவியும் அமர்ந்திருந்தார்கள். வழக்கறிஞர் மூன்று பாக்கெட்டுகளின் புகைப்படத்தையும் பார்த்துவிட்டு, மேசைமேல் கவிழ்த்து வைத்தார்.

“எப்படிய்யா அனுப்புனீங்க?”

“கேரளாவுல இது செல்லாதுன்னு நீங்கதான் சொன்னீகன்னு இவுக சொன்னாக” என்றார் சொர்ணலதா.

“நானா? எப்பம்மா? ‘இந்தியாவின் எப்பகுதியிலும்’னு ஆணையிலேயே எழுதியிருக்கு. பொன்னுராஜ், என்கிட்ட எப்பக் கேட்டீங்க?”

பொன்னுராஜ் சுவரிலிருந்த நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வளவு நேரம் பார்ப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை.

“சார், நான் எதையுமே படிக்கலை. படிக்காமத்தான் கையெழுத்துப் போட்டேன். அதச் சொல்லலாமா?”

“சொல்லலாம். ‘படித்துப் பார்த்து, உண்மையென உணர்ந்து’ன்னு போட்டு, அதுக்குக் கீழதான் உங்க கையெழுத்து இருக்கு. அப்ப அந்த வரியும் பொய்னு ஆகும்.” கவிழ்த்த புகைப்படங்களை ஒதுக்கி வைத்துவிட்டு, “இன்னொண்ணும் சொல்லலாம். தொழில நடத்துறது நீங்க இல்ல, இவருதான்னு சொல்லலாம். அப்ப இவரையும் இழுப்பாங்க” என்றார்.

ஊருக்குத் திரும்பும்போது, பேருந்தில் சின்னமனூர் தாண்டிய பிறகே பொன்னுராஜ் வாய் திறந்தார்.

“பொம்பளைன்னாக் கண்டிச்சு விட்ருவாக, லதா. நான்னா விடமாட்டாக. அதுவுமில்லாம இந்த வருசம் சபைத் தேர்தல் வருது. செயலரு பதவிக்கு நிக்கிறவன் உள்ள போனா, நல்லாவா இருக்கும்?”

“நான் போனா நல்லா இருக்குமா?”

“நீ போகமாட்டங்குறேன்ல.”

ஆனி மாதத்தில் விசாரணை. அழைப்புக்காகக் காத்திருந்தபோதுதான் சொர்ணலதா பிரமாணப் பத்திரத்தின் நகலை வாங்கிப் படித்தார். ஆறு பத்திகள். அவற்றில் நான்கு, தமக்குத் தெரியாத செய்திகளைத் தாமே உறுதி கூறுவதாக இருப்பதைக் கண்டார். ஒவ்வொன்றும் “நான்” என்றே தொடங்கியது.

நிறுவனத்தின் வழக்கறிஞர் பாக்கெட்டை உயர்த்திக் காட்டினார். ஆணையை மீறியவர்கள் பொதியிட்ட நாளையாவது மறைப்பார்கள். இந்த அம்மையார் அதைக்கூட மறைக்கவில்லை. நீதிமன்றத்தைத் துளியும் மதிக்காத துணிச்சல் இது என்றார். தாம் வாழ்நாளெல்லாம் காத்துவந்த ஒரே ஒழுங்கு, ஒரு துணிச்சலாகப் பெயர் பெற்றதைச் சொர்ணலதா நின்றபடியே கேட்டுக்கொண்டார். கேரளத்தில் ஆணை செல்லாது என்று அறியாமல் கருதிவிட்டார் என அவருடைய வழக்கறிஞர் கூறியபோது, பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

நீதிபதி ஒரு பெண்மணி. சொர்ணலதாவைவிட வயதில் இளையவர். குரலை உயர்த்தாமலே கேட்டார்.

“இந்தத் தொழிலுக்கு உரிமையாளர் நீங்கதானா?”

“ஆமாங்கம்மா.”

“இது உங்க கையெழுத்தா?”

“ஆமாங்கம்மா.”

“படிச்சுப் பாத்துத்தான் போட்டீங்களா?”

சொர்ணலதா திரும்பிப் பார்த்தார். பொன்னுராஜ் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது சொல்லலாம். ஒரு வாக்கியம் போதும். அதை இலக்கணப் பிழையின்றிச் சொல்லவும் அவருக்குத் தெரியும். ஆனால், சொன்னால் தம் வீட்டார் முகத்தில் இனி எப்படி விழிப்பது என்ற எண்ணம் முந்திக்கொண்டது.

“ஆமாங்கம்மா. படிச்சேன்.”

அந்த வழக்கில் அவர் தம் வாயால் சொன்ன பொய் அது ஒன்றுதான்.

“என்ன படிச்சிருக்கீங்க?”

“பி.ஏ. ஹிஸ்டரிங்கம்மா.”

நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். “எழுதப் படிக்கத் தெரியாத ஒருத்தர் இந்த இடத்துல நின்னிருந்தா, நான் வேற மாதிரி யோசிச்சிருப்பேன்” என்றார். பதினைந்து நாள் சிவில் சிறை.

மதுரைச் சிறையில் சேர்க்கும் பதிவேட்டைக் காவலர் திருப்பி வைத்து, கையெழுத்திட வேண்டிய இடத்தை விரலால் தொட்டுக் காட்டினார்.

“போடுறதுக்கு முன்ன ஒருதரம் படிச்சுக்கிடட்டுமா?” என்று சொர்ணலதா கேட்டார்.

“படிங்க ஆத்தா, படிங்க. இங்கன யாருக்கு என்ன அவசரம்?” என்றார் அவர்.

பெயர், வயது, அடையாளக் குறிகள், உடைமைகள் என்று எல்லாவற்றையும் வரி வரியாகப் படித்தார். மூக்குக் கண்ணாடி ஒன்று என்பது விடுபட்டிருந்தது. சுட்டிக் காட்டினார், சேர்த்துக்கொண்டார்கள்.

சுருளியம்மாள் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, மதுரை வரை வந்து பார்த்தார். கம்பிக்கு அப்பால் நின்றுகொண்டு, வந்ததும் வராததுமாகக் கேட்டார்.

“ஏன்க்கா, மிஷின்ல கவர மாட்டுனது நானு. ஜீப்புல ஏத்துனது சீனிச்சாமி. ஏத்தச் சொன்னது அண்ணாச்சி. தேதி மட்டும் அடிச்ச நீங்க உள்ள இருக்கீக. இது என்னக்கா கணக்கு?”

“எம்பேருல்ல போட்டிருக்கு, சுருளி.”

“பேரு வச்சவுகளக் கூப்பிட்டுக் கேக்கமாட்டாகளா?”

பொன்னுராஜ் ஆறாம் நாள் வந்தார். ஒரே முறைதான் வந்தார். “சபையில நீ நாகர்கோவிலுக்கு, தங்கச்சி வீட்டுக்குப் போயிருக்கன்னு சொல்லியிருக்கேன். நீயும் அப்படியே சொல்லிக்கோ” என்றார்.

“ஜெபத்துல எம்பேரச் சொன்னாகளா?”

“அதெப்படிச் சொல்ல முடியும்? ஊருக்குப் போனவளுக்கு எதுக்கு ஜெபம்?”

சொர்ணலதா வீடு திரும்பியபோது, பொன்னுராஜ் தேர்தலில் வென்று சபைச் செயலராக இருந்தார். முதல் ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வந்தவரை ஓர் அம்மாள் நிறுத்தி, “தங்கச்சி வீட்டுல வேளாவேளைக்குச் சாப்பாடு வந்துச்சா, அக்கா?” என்று கேட்டார். அருகிலிருந்த பெண்கள் பாட்டுப் புத்தகங்களைத் திறந்து பார்த்தார்கள். ஞாயிறு பள்ளி வகுப்பு வேறொருவருக்குக் கொடுக்கப்பட்டிருந்தது. ஏன் என்று அவர் கேட்கவில்லை, ஆயரும் சொல்லவில்லை.

இரண்டு மாதம் கழித்து, ஒரு நாள் காலை உணவுக்குப் பின், மூன்றாக மடித்த தாள் ஒன்று சாப்பாட்டு மேசைக்கு வந்தது.

மகன் ஜஸ்டினுக்குத் திருமணமாகி ஓராண்டு ஆகியிருந்தது. மருமகள் ஜெஸ்லின் பெயரில் புதிதாகத் தொழில் பதிவு செய்யப் பொன்னுராஜ் ஏற்பாடு செய்திருந்தார். “மலைத்துளி” போய், இப்போது “மலைமேகம்.” விண்ணப்பம் ஆயத்தமாகிவிட்டது. ஒன்றே ஒன்றுதான் குறை. தொழில் நடக்கும் வீடு சொர்ணலதாவின் பெயரில் இருப்பதால், அங்கே தொழில் செய்ய மறுப்பில்லை என்று அவர் ஒரு கடிதம் தர வேண்டும்.

“ஜெஸ்லின் கையெழுத்துப் போட்டுட்டாளா?”

“நேத்தே போட்டுட்டா. அவ ஒண்ணும் கேக்கல.”

அடுக்களையில் மாவு பிசைந்துகொண்டிருந்த ஜெஸ்லின், “மாமா குறி போட்டுத் தந்தாக, அத்தை. போட்டேன்” என்றாள்.

சொர்ணலதா மடிப்பைப் பிரித்தார். அதைக் கண்டு பொன்னுராஜின் கை சற்றே முன்னால் நீண்டு, பிறகு பின்வாங்கியது. அவருடைய தோற்பை மேசைமேல் திறந்து கிடந்தது. அதனுள், சிவகாசிக்குப் போகவிருந்த காகிதங்களுக்கு நடுவே, கொச்சியிலுள்ள ஏதோ ஒரு நிறுவனத்தின் தேயிலைப் பாக்கெட் ஒன்று தெரிந்தது. அதிலும் ஒரு பச்சை மலை. மேலே ஒரு வெள்ளை மேகம்.

“இது யாரு பாக்கெட்டுங்க?”

“சும்மா ஒரு மாதிரிக்கு. நீ போடு.”

“வச்சுட்டுப் போங்க. படிச்சுட்டுத் தாரேன்.”

“ஒரு பக்கந்தான லதா.”

“ஒரு பக்கந்தான். படிக்கிறேன்.”

மறுநாள் பொன்னுராஜ் கேட்டார், இன்னும் படிக்கவில்லை என்றார் சொர்ணலதா. மறுவாரமும் அதே விடை. ஜஸ்டின் கெஞ்சிப் பார்த்தான். சிவகாசியிலிருந்து புதிய சுருள்கள் வந்து, கூடத்து மூலையில் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கப்படாமல் நின்றன. பொன்னுராஜின் பொறுமை ஒரு நாள் அறுந்தது.

“ஜெயிலுக்குப் போயிட்டு வந்தவளுக்கு இம்புட்டு ராங்கியா?”

“யாரு போனா? நான் தங்கச்சி வீட்டுக்குல்ல போயிருந்தேன்” என்றார் சொர்ணலதா. கணவரின் தட்டில் இன்னும் ஒரு தோசையை வைத்துவிட்டு, அடுக்களைக்குள் போய்விட்டார்.

அந்தப் பிடிவாதத்துக்கு விலை கொடுத்தவர் அவர் மட்டும் அல்லர். பின்கட்டில் இயந்திரம் ஓடாததால், சுருளியம்மாள் திராட்சைத் தோட்டத்துக் கொடி வேலைக்குப் போகத் தொடங்கினார். பந்தலுக்குக் கீழே நாள் முழுவதும் அண்ணாந்து நின்று செய்யும் வேலை. அவருடைய கழுத்து வலிக்கு ஆகாதது. ஒரு நாள் வந்து வாசற்படியிலேயே நின்றார்.

“மிஷின் எப்பக்கா ஓடும்?”

“தெரியல, சுருளி.”

“நீங்க படிச்சு முடிக்கிறதுக்குள்ள எங்கழுத்து கழண்டு விழுந்துரும்க்கா.” சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆயினும் உள்ளே வரவில்லை. கொடுத்த காபியையும் குடிக்கவில்லை. தாம் கையெழுத்திட்டாலும் ஒரு பெண் தண்டம் செலுத்துவாள். இடாவிட்டாலும் ஒரு பெண் செலுத்துகிறாள். பொன்னுராஜ் இரண்டிலும் செயலராகவே இருப்பார்.

கார்த்திகை பிறந்தது. மாலை அணிந்தவர்களின் வண்டிகள் விடியற்காலை முதல் வீட்டின் முன்னால் மலையேறத் தொடங்கின. அவற்றைப் பார்க்கப் பொறுக்காமல் பொன்னுராஜ் கடைவீதியிலேயே இருந்தார். பலமுறை கைபட்டதில், கடிதத்திலிருந்த பென்சில் குறி மங்கிப் போயிருந்தது. ஒரு நாள் காலை அவர் சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்து, அதே இடத்தில் அழுத்தமாக மீண்டும் ஒரு குறி இட்டு, தாளை மடிக்காமலே மனைவியின் முன்னால் நகர்த்தி வைத்தார்.

ஜெஸ்லின் அடுக்களை வாயிலில் நின்றுகொண்டிருந்தாள்.

சொர்ணலதா மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். பேனாவை எடுக்கவில்லை. விரலை முதல் வரியின்மேல் வைத்து, ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்குக் கேட்கும் அளவு குரலில், முதற் சொல்லிலிருந்து மீண்டும் படிக்கத் தொடங்கினார்.